எத்தனை பேர் தங்கினார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் அரசுப் பேருந்தில் 29 வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கு மேல் கோவில்பட்டி – சங்கரன்கோவில் தடத்தில்தான் ஓடியது. நடுவில் கழுகுமலை. அங்கிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே, கரிசல் காட்டுக்கு நடுவே 160 வீடுகள் உள்ள ஊர் என்னுடையது. ஊர்ப் பெயரை எழுதவில்லை. கீழே இரண்டு மூன்று அலுவலகங்களைப் பற்றிச் சொல்லப்போகிறேன், நாளைக்கும் நான் அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

கிராமங்களில் சுற்றுலாவை வளர்க்க அரசு உதவி என்று செய்தி வந்தால் கத்தரித்து வைத்துக்கொள்வேன். எல்லாவற்றிலும் ஒரு தலைக்கணக்கு இருக்கும். 2022-இல் மட்டும் தமிழ்நாட்டின் உள்நாட்டுப் பயணிகள் 21 கோடிக்கும் மேல் என்று ஒரு செய்தி. தலையை எண்ணித்தான் நானும் சம்பளம் வாங்கினேன், அதனால் அந்தக் கணக்கின் லட்சணம் எனக்குத் தெரியும். எத்தனை பேர் ஏறினார்கள், எந்த ஸ்டேஜுக்கு டிக்கெட் எடுத்தார்கள் என்பது வே பில்லில், அதாவது கண்டக்டர் எழுதுகிற டிக்கெட் கணக்குத் தாளில், இருக்கும். இறங்கினவர் என்ன செய்தார், எப்போது திரும்பினார் என்பது அதில் வராது. அது கண்டக்டரின் மண்டையில்தான் இருக்கும்.

என் மண்டையில் இருப்பதைச் சொல்கிறேன். காலை எட்டரை டிரிப்பில் நாலைந்து பேர் ஏறுவார்கள். முதுகில் பை, ஒருவர் கழுத்தில் கேமரா. "வெட்டுவான் கோவிலுக்கு எங்க இறங்கணும்?" என்று கோவில்பட்டி தாண்டுவதற்குள் மூன்று தடவை கேட்பார்கள். கழுகுமலையில் இறக்கிவிடுவேன். சங்கரன்கோவில் போய், சாப்பிட்டு, இன்னொரு நடை அடித்துவிட்டு ஒரு மணிக்குத் திரும்பும்போது அதே முகங்கள், வெயிலில் சிவந்து போய், நிழல் தேடி நின்றுகொண்டிருக்கும். ஊரில் அவர்கள் போட்ட காசு டீக்கும் வடைக்கும் ஆனதுதான். போக வர என்னிடம் டிக்கெட்டுக்குக் கொடுத்தது அதைவிட அதிகம்.

அந்த மலையில் இருப்பது அரை நாளில் பார்த்து முடிக்கிற விஷயமா? எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து, நடுவில் ஒரே கல்லில் அந்த வெட்டுவான் கோயிலை நிறுத்தியிருக்கிறார்கள். விமானம் வரை முடித்துவிட்டுக் கீழே பாதியில் விட்டுவிட்டார்கள். அப்பன் சிற்பி மகன் சிற்பியைக் கொன்ற கதையை எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளை கூடச் சொல்லும். தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிப்பதை வேறெங்கே பார்க்க முடியும்? அந்தப் பக்கம் சமணப் பள்ளி. பாறை முழுக்கத் தீர்த்தங்கரர் வரிசை, பலவற்றுக்குக் கீழே வட்டெழுத்தில் அதைச் செய்வித்தவரின் பேரும் ஊரும். குமரி மாவட்டத்துச் சிதறாலிலிருந்து இங்கே வந்திருந்த பெண் ஆசிரியர்களின் பேர்கூட அதில் இருக்கிறதாம். குரத்திகள் என்று சொல்வார்கள் என்று ஒரு பேராசிரியர் பஸ்ஸிலேயே எனக்குப் பாடம் நடத்தினார். ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்னால் வந்த டீச்சர் இங்கே தங்கியிருக்கிறார். இன்றைக்கு வருகிறவர்தான் ஒரு மணி டிரிப்பில் திரும்பிவிடுகிறார்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ராத்திரி தங்கினால்தான் ஊருக்குக் காசு. அரசு உதவி என்று எது வந்தாலும் அது அந்த ஒரு ராத்திரிக்கு உதவுகிறதா என்று பார்க்க வேண்டும். வளைவுக்கும் வரவேற்புப் பலகைக்கும் செலவழித்தால் ஒரு மணி டிரிப்பில் கூட்டம் கூடும், அவ்வளவுதான்.

இது எனக்குப் புத்தி வந்த கதை. 2016 என்று ஞாபகம். எனக்கு வார ஓய்வு. சாயங்காலம் கழுகுமலைக் கடைத்தெருவுக்குப் போனேன். மூன்று பெண் பிள்ளைகள், கையில் அளவு டேப், சுருட்டிய காகிதம். கட்டடக்கலை படிக்கிறார்களாம், வெட்டுவான் கோயிலை அளந்து வரைய வந்தவர்கள். காலை வெயில் விமானத்தில் விழும்போது ஒரு தடவை பார்க்க வேண்டும், அதற்குத் தங்க இடம் வேண்டும். அன்றைக்கு முகூர்த்த நாள், லாட்ஜில் ரூம் இல்லை. "அங்கிள், யார் வீட்லயாவது தங்கிக்கலாமா?" என்று கேட்டார்கள். வீட்டுக்கு போன் போட்டேன். "பொம்பளப் பிள்ளைகள ரோட்ல நிக்க வச்சுட்டு என்ன போன்ல கேள்வி, கூட்டிட்டு வாங்க" என்று என் மனைவி வைத்துவிட்டாள்.

மொட்டை மாடியில் பாய் விரித்துக் கொடுத்தோம். தோசை சுடப் போனவளிடம் நீங்கள் சாப்பிடுவதையே கொடுங்கள் என்று கேட்டு, கம்மஞ்சோறும் சீனியவரங்காய் வத்தலும் வாங்கிச் சாப்பிட்டார்கள். ராத்திரி பதினொரு மணி வரை மாடியில் சிரிப்புச் சத்தம். எங்கள் பிள்ளைகள் வெளியூர் போன பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. காலையில் கிளம்பிப் போன பிறகு பார்த்தால் தண்ணீர்ச் செம்புக்கு அடியில் 1,500 ரூபாய். என் மனைவிக்கு வந்த கோபம் இருக்கிறதே! விருந்தாளி காசு வைப்பதாவது என்று ஒரு வாரம் பொருமினாள். ரெண்டு மாதம் கழித்து அதில் ஒரு பெண் தன் அப்பா அம்மாவை அனுப்பினாள். அவர்கள் வேறு இருவரைச் சொல்லி அனுப்பினார்கள். அப்படியே போய், கொரோனா வருஷங்களைத் தள்ளிவிட்டால், வருஷத்துக்குப் பத்து பன்னிரண்டு தடவை யாராவது வந்து தங்குகிறார்கள். மகளிர் குழுக் கடனில் 38,000 ரூபாய்க்கு உட்காரும் கழிப்பறை ஒன்று கட்டினோம். பெரியவர்களுக்கு முட்டி மடங்காது என்று அதுவும் அவள் யோசனைதான்.

கண்டக்டர் புத்தி, கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு பேர், ஒரு ராத்திரி, மூன்று வேளை சாப்பாடு, 1,800 ரூபாய். இதில் பால்காரம்மாவுக்கு 50. பக்கத்து வீட்டு நாட்டுக்கோழிக்கு 450. காய்கறி, சாமான் 200. ஒத்தாசைக்கு வருகிற பெண்ணுக்கு 300. விரிப்பு துவைக்க 60. எங்களுக்கு மிஞ்சுவது 740. இது போக அவர்கள் கையால் ஆட்டோக்காரருக்கு ஒரு 400 போகும். தெருக்கோடியில் வேளார் வீட்டுப் பெரியவரிடம் சக்கரத்தில் உட்கார்ந்து ஒரு பானையைக் கோணலாக்கிவிட்டு, நேரான பானை ஒன்றை 350 கொடுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். மொத்தம் 2,550 ரூபாய் ஊருக்குள் எங்களையும் சேர்த்து எட்டு வீட்டில் பிரிகிறது. மழை பொய்த்து மக்காச்சோளம் கருகிய வருஷத்தில் இது சின்னக் காசு இல்லை.

சரி, முறைப்படி செய்வோம் என்று ஓய்வு பெற்ற பிறகு கிளம்பினேன். இனிமேல்தான் நீங்கள் கேட்க வேண்டிய பகுதி.

ஓர் அலுவலகத்தில் வீட்டுக்கு அங்கீகரித்த வரைபடம் கேட்டார்கள். என் தாத்தா கட்டிய வீடு. அவர் வரைபடம் போட்டது தரையில், கம்பால். வாகனம் நிறுத்த இடம் எவ்வளவு என்று கேட்டார்கள், வீட்டைச் சுற்றி ஒன்றரை ஏக்கர் காடு என்றேன், அதற்குக் கட்டம் இல்லை என்றார்கள். இன்னோர் இடத்தில், ஆள் தங்க வைத்துக் காசு வாங்கினால் மின் இணைப்பை வணிகக் கணக்குக்கு மாற்ற வேண்டிவரும் என்று சொன்னார்கள். வருஷத்தில் பன்னிரண்டு ராத்திரி ஒரு ஃபேன் கூட ஓடுவதற்கு 365 நாளும் கடைக்காரன் கட்டணம் கட்ட வேண்டுமாம். அப்புறம் வங்கி. 2025 மத்திய பட்ஜெட்டில் ஹோம்ஸ்டேக்கு, அதாவது இப்படி வீட்டில் ஆள் தங்க வைப்பதற்கு, முத்ரா என்கிற சிறுதொழில் கடன் என்று அறிவித்தார்களே, அந்தச் செய்தியைக் கத்தரித்துக் கையோடு கொண்டுபோனேன். மேலாளர் நல்ல பிள்ளை, உட்கார வைத்துப் பேசினார். பதிவுச் சான்று கொண்டுவாருங்கள், கடன் பார்க்கலாம் என்றார். பதிவு அலுவலகத்தில், குளியலறை சேர்ந்த அறை கட்டி முடித்துவிட்டு வாருங்கள், சான்று பார்க்கலாம் என்கிறார்கள். அந்த அறையைக் கட்டத்தான் கடனே. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்.

ஒரு தடவை பிரான்ஸிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கொடுக்க வேண்டியதுதான், அதில் தப்பு சொல்லமாட்டேன். ஆனால் அதை இணையத்தில் பதிகிற கணக்கு எனக்கு எப்படிக் கிடைக்கும் என்று சொல்ல ஆளில்லை. அந்த இரண்டு பேரையும் கோவில்பட்டிக்கு அனுப்பி ஓட்டலில் தங்கச் சொன்னேன். ஒரு மணி டிரிப்பு!

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. 2000-களின் முற்பாதியில் மத்திய சுற்றுலா அமைச்சகமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து கிராமச் சுற்றுலாவுக்காக நாடு முழுக்க 36 ஊர்களைத் தேர்ந்தெடுத்தன. தமிழ்நாட்டில் காரைக்குடி ஒன்று, இன்னொன்று எங்கள் கழுகுமலை. ஓர் ஊருக்குக் கட்டுமானத்துக்கு 50 லட்சம் வரை, ஊர்க்காரர்களைப் பழக்குவதற்கு 20 லட்சம் வரை என்று ஏற்பாடு. 20 வருஷத்துக்கு முன்னால் அது நல்ல தொகைதான். ஆனால் அந்த 50-ஐயும் 20-ஐயும் பார்த்தாலே எனக்கு ஒன்று தோன்றும். சிமெண்ட் ஒரு தடவை வாங்கினால் போதும். ஆளைப் பழக்குவது அப்படியா? ஒரு கண்டக்டரைப் பையோடு ஏற்றிவிட்டு, பழகின ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று பத்து நாள் பார்த்தால்தான் அவனுக்கு ஸ்டேஜே பிடிபடும். வீட்டில் அந்நியரைத் தங்க வைக்கப் பழகுவதற்கு ரெண்டு மூன்று வருஷமாவது யாராவது கூட நிற்க வேண்டும்.

இதே திட்டத்தில் இருந்த ஓர் ஊரை நான் நேரில் பார்த்தேன். என் மகன் குஜராத்தில் காந்திதாமில் வேலை பார்க்கிறான். அவனோடு ஒரு குளிர்காலத்தில் கட்ச் மாவட்டத்து ஹொட்கா கிராமத்துக்குப் போனேன். பன்னி புல்வெளி என்கிறார்கள், எங்கள் கரிசலைவிட வறண்ட பூமி. ஊர்க் குழுவே நடத்துகிற தங்குமிடம் அங்கே இருக்கிறது. வட்ட வட்டமாக மண் வீடுகள், உள்சுவரில் கண்ணாடிச் சில் பதித்து வேலைப்பாடு. வெயில் காலம் வந்தால் மூடிவிடுவார்களாம். காட்டுவதற்கு அங்கே மலைக்கோயில் கிடையாது. இருப்பது மண்ணும், எருமையும், பெண்களின் தையல் வேலையும்தான். அதற்கே ஆட்கள் வந்து ரெண்டு ராத்திரி தங்குகிறார்கள். என் மனைவி சுவரைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம வேளார் வீட்டுக்காரர்ட்ட சொன்னா இதவிட நல்லா செய்வாரு" என்றாள். ஊர்ப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி.

பக்கத்துக் கேரளத்தில் கொச்சிக்கு அருகே கும்பளங்கி அதே காலத்தில் தொடங்கி, வீடுகளில் தங்க வைப்பதை ஊர்த் தொழிலாகவே ஆக்கிக்கொண்டது. 2017-இல் கேரள அரசே பொறுப்புச் சுற்றுலாவுக்கென்று ஒரு தனி இயக்கம் அமைத்து, பாய் முடைகிறவர், கயிறு திரிக்கிறவர், சமைக்கிறவர் என்று சின்னச் சின்ன ஆட்களைப் பதிவு செய்து பயணிகளோடு கோத்துவிடுகிறார்கள். நம் மாநிலத்தின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கிராமச் சுற்றுலா ஒரு தனிப் பிரிவாக இருக்கிறது. மத்திய அரசு 2024-இல் பழங்குடிக் கிராமங்களுக்கு அறிவித்த ஆயிரம் ஹோம்ஸ்டே திட்டத்தில், புதிதாகக் கட்ட 5 லட்சம் வரை, இருப்பதைச் செப்பனிட 3 லட்சம் வரை, ஊர்ப் பொதுத் தேவைக்கு 5 லட்சம் வரை என்று இருக்கிறது. முதலில் அவர்களுக்குக் கிடைப்பதுதான் நியாயம். நான் சொல்வது, அந்த 3 லட்சம் என்கிற வரி புத்திசாலித்தனமான வரி. இருக்கிற வீட்டில் ஓர் அறையையும் ஒரு குளியலறையையும் சரிசெய்ய அது தாராளம். அதைக் கரிசல் காட்டுக்கும் நீட்டலாம். மானியமாக வேண்டாம், கடனாகவே கொடுங்கள், கட்டிவிடுவோம். எங்கள் குழுவில் இதுவரை ஒரு தவணை தவறியதில்லை.

அதோடு, மூன்று அறைக்குக் கீழே உள்ள வீட்டுக்காரரை ஓட்டல்காரராகப் பார்க்காமல் வீட்டுக்காரராகவே பார்க்கச் சொல்லுங்கள். வீட்டு மின் கட்டணம் இருக்கட்டும். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலேயே ஒரு மேசை, ஒரு படிவம், வீட்டுக்கு வந்து கண்ணால் பார்த்துச் சான்று கொடுக்க ஓர் ஆள். கழிப்பறை சுத்தமா, தண்ணீர் இருக்கிறதா, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று அவர் பார்க்கட்டும். தாழ்ப்பாளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்த மூன்று பெண்களையும் மாடியில் படுக்க வைத்த அன்று என் மனைவி படிக்கட்டுக் கதவுக்குப் பூட்டு தேடி அலைந்தது எனக்குத்தான் தெரியும்.

ஒரு பயமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கிராமச் சுற்றுலாவுக்கு மானியம் என்றதும் வெளியூர்க்காரர் பத்து ஏக்கர் வளைத்து, ஓலைக் கூரை போட்ட ஏசி அறை கட்டி, வாசலில் மாட்டு வண்டி நிறுத்தி, எங்கள் ஊர்ப் பெண்களை அங்கே பாத்திரம் தேய்க்கக் கூப்பிடுவார். அதற்கு அரசுப் பணம் போகக்கூடாது. இன்னொன்று, விருந்தாளி வருகிறார் என்று ஊரே கரகம் எடுத்து ஆட வேண்டும் என்று யாரும் எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வரவேண்டாம். கோயில் கொடைக்கு ஆடுவோம், அந்த நேரம் வந்தால் பார்க்கட்டும். எங்கள் வீட்டில் தங்குகிறவர்களுக்கு என் மனைவி போட்டிருக்கிற சட்டம் ரெண்டு: குடிக்கக்கூடாது, சோற்றை வீணாக்கக்கூடாது. இதுவரை ஒரே ஒருவர்தான் மீறினார், சோற்றில்.

எல்லா ஊருக்கும் இது ஒத்துவராது. ஆனால் எங்கள் பக்கத்தில் ரெண்டு நாளுக்குச் சரக்கு இருக்கிறது. முதல் நாள் கழுகுமலை, மறுநாள் எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு, அதே ஊரில் முத்துசுவாமி தீட்சிதர் சமாதி. சாகித்ய அகாதமி விருது வாங்கிய எழுத்தாளர்கள் இரண்டு பேர் பிறந்த இடைசெவல் இருக்கிறது. திரும்பும்போது 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி கடலை மிட்டாய், அதை நான் சொல்லவே வேண்டாம், எல்லாரும் வாங்கிவிடுவார்கள். இதையெல்லாம் கோப்பதற்கு நடுவில் ஒரு ராத்திரி படுக்க இடம் வேண்டும். அடுத்த தடவை அமைச்சரோ அதிகாரியோ சுற்றுலாக் கணக்கு வாசிக்கும்போது உங்கள் நிருபர் ஒரு கேள்வி கேட்கட்டும்: "இதில் கிராமத்தில் ராத்திரி தங்கினவர்கள் எத்தனை பேர்?" பதில் இருக்கிறதா பார்ப்போம்.

அந்தப் பெண்கள் வரைந்த வெட்டுவான் கோயில் படம் ஒன்று சட்டம் போட்டு எங்கள் கூடத்தில் தொங்குகிறது. போன வாரம் அவர்களில் ஒருத்தி போன் செய்தாள். கல்யாணம் ஆகிவிட்டதாம், பங்குனி உத்திரத்துக்கு மாப்பிள்ளையோடும் மாமனார் மாமியாரோடும் வருகிறாள், நாலு பேருக்கு இடம் வேண்டுமாம். பதிவு இல்லாமல் ஆள் தங்க வைத்தால் வம்பு வரும் என்று தெரிந்த ஒருவர் என்னை எச்சரித்து வைத்திருக்கிறார். என் மனைவி கம்பு குத்தி வைத்துவிட்டாள். காசு வாங்காவிட்டால் விருந்தாளிதானே என்கிறாள். வந்தவள் செம்புக்கு அடியில் வைத்துவிட்டுப் போனால் என்ன செய்வது என்று நான் கேட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடத்துநர் ஒருவர்,
கழுகுமலை வட்டாரம், தூத்துக்குடி மாவட்டம்.

(பெயரும் முகவரியும் தனித்தாளில் வைத்திருக்கிறேன், வெளியிட வேண்டாம்.)